ரேடியோவினால் இயங்கும் சிறு பந்தயக் கார்கள்: ஓட்டமும் பராமரிப்பும்

ஒரு மோட்டார் காரை நீளத்தில் இருபத்தெட்டில் ஒரு பங்காகக் குறைத்து, அதனுள் மின்கலம், மோட்டார், ரேடியோ வாங்கி ஆகியவற்றை அமைத்து, ஓட்டுபவர் தொலைவில் நின்று கைக்கருவி ஒன்றினால் அதனைச் செலுத்தும் பந்தயம் இன்று பல நாடுகளில் நடைபெற்று வருகிறது. இவ்வகைக் கார்களுள் பெயர்பெற்றது, ஜப்பானிய நிறுவனமாகிய கியோஷோ 1999-ஆம் ஆண்டு வெளியிட்ட மினி-இசட் என்பதாகும். அதற்கு முன்னர் 1/8, 1/10, 1/12 ஆகிய அளவுகளில் அமைந்த கார்களே பந்தயங்களில் பெரும்பாலும் ஓடின. 1/12 அளவு மின்சாரக் கார்களுக்கு உலகப் போட்டி 1982-ஆம் ஆண்டிலேயே நடைபெற்றது. அவற்றிற்குப் பெரிய மண்டபமோ தார்த் தளமோ வேண்டும். மினி-இசட் காரின் நீளமோ ஏறக்குறைய 15 சென்டிமீட்டர். விரலளவு மின்கலங்கள் நான்கு அதனை இயக்கப் போதுமானவை. ஒரு வகுப்பறையின் தரையிலேயே அதன் பாதையை விரித்துவிடலாம்.

இக்காரணத்தால் பள்ளி விஞ்ஞானக் கழகங்களிலும், மத்திய அரசின் திட்டத்தின்கீழ் 2016 முதல் ஏற்பட்டு வரும் அடல் டிங்கரிங் ஆய்வுக்கூடங்களிலும், ஊர்தோறும் நடத்தப்படும் விஞ்ஞானக் கண்காட்சிகளிலும் இத்தகைய கார்களைப் பாடக் கருவியாகக் கொள்ள இயலும். ஆயின் முதல் மாதத்தில் மாணவர்களிடம் காணும் உற்சாகம் மூன்றாம் மாதத்தில் இருப்பதில்லை. கார் நேராக ஓடாது. வளைவில் சுழலும் அல்லது கவிழும். இன்னும் வேகமான மோட்டாரை மாற்றினால் சரியாகிவிடும் என மாணவன் எண்ணுவான். மாற்றிய பின் அது முன்னிலும் மோசமாக ஓடும். இறுதியில் கார் அலமாரியில் தூசி படிந்து கிடக்கும். தனக்கு இது வராது என்ற எண்ணமும் மாணவன் மனத்தில் படிந்துவிடும். சிறிய கார் என்பது பெரிய காரின் சுருங்கிய வடிவமே என்ற தவறான கருத்துத்தான் இதற்குப் பெரும்பாலும் காரணம். அக்கருத்தை முதலில் ஆராய்வோம்.

அளவும் வேகமும்

இக்கார்களை விற்போர் "அளவுக்கேற்ற வேகம்" என்று ஒன்றைச் சொல்வதுண்டு. கார் மணிக்கு 25 கிலோமீட்டர் ஓடுமாயின், அதனை 28-ஆல் பெருக்கி, உண்மையான காரின் 700 கிலோமீட்டர் வேகத்துக்கு அது சமம் என்பர். கேட்பதற்கு நன்றாயிருப்பினும் இக்கணக்கில் பொருள் இல்லை. நீளம் சுருங்கியதே அன்றிப் புவியீர்ப்பு சுருங்கவில்லை. டயருக்கும் தரைக்கும் இடையேயுள்ள உராய்வுக் குணகமும் இருபத்தெட்டில் ஒரு பங்காகிவிடவில்லை.

வளைவில் செல்லும் காருக்கு வளைவின் மையத்தை நோக்கிய முடுக்கம் தேவை. வேகத்தின் வர்க்கத்தை வளைவின் ஆரத்தால் வகுத்த ஈவே அதன் அளவு. இம்முடுக்கத்தைத் தருவது உராய்வு ஒன்றே. உராய்வுக் குணகத்தை 1 எனக் கொண்டால், அதனால் கிடைக்கக்கூடிய மிகுதியான முடுக்கம் விநாடிக்கு விநாடி 9.8 மீட்டர் ஆகும். காரின் நிறை இக்கணக்கிலிருந்து நீங்கிவிடுகிறது என்பதை மாணவர்க்கு எடுத்துக்காட்டுவது நலம். 1200 கிலோகிராம் காரை மூன்று திசைகளிலும் 28-ஆல் சுருக்கினால் 55 கிராமே இருக்க வேண்டும்; மினி-இசட் காரோ மின்கலங்களுடன் ஏறக்குறைய 170 கிராம் இருக்கும். அதனால் வளைவின் வேக வரம்பு மாறுவதில்லை.

இப்பொழுது 28 மீட்டர் ஆரமுள்ள ஒரு சாலை வளைவையும், அதற்கு ஒத்த 1 மீட்டர் ஆரமுள்ள சிறு வளைவையும் எடுத்துக்கொள்வோம். பெரிய கார் வழுக்காமல் செல்லக்கூடிய வேகம் விநாடிக்கு 16.6 மீட்டர், அதாவது மணிக்கு ஏறக்குறைய 60 கிலோமீட்டர். சிறிய காரின் வேகம் விநாடிக்கு 3.13 மீட்டர், மணிக்கு 11 கிலோமீட்டருக்குச் சற்று மேல். இரண்டிற்கும் உள்ள விகிதம் 28 அன்று. 28-இன் வர்க்கமூலமாகிய 5.3 ஆகும். எனவே மணிக்கு 25 கிலோமீட்டர் ஓடும் சிறிய கார் உண்மையில் ஒத்திருப்பது மணிக்கு 132 கிலோமீட்டர் ஓடும் ஒரு காரையே. விற்போர் கூறும் 700 எங்கே, இந்த 132 எங்கே!

இக்கணக்கின் மறுபாதியே முக்கியமானது. மேற்கூறிய வளைவில் கால் வட்டம் திரும்புவதற்குப் பெரிய காருக்கு 2.65 விநாடி ஆகும். சிறிய காருக்கு 0.5 விநாடியே ஆகும். கண்ணால் கண்டு கையை அசைப்பதற்கு மனிதனுக்கு ஏறக்குறைய 0.2 விநாடி தேவை. பெரிய காரின் வளைவு நேரத்தில் அது பதின்மூன்றில் ஒரு பங்கு. சிறிய காரிலோ ஐந்தில் இரண்டு பங்கு. நேர்ப்பாதையில் விநாடிக்கு 7 மீட்டர் ஓடும் கார் அந்த 0.2 விநாடிக்குள் 1.4 மீட்டர், அதாவது தன் நீளத்தைப்போல் ஒன்பது மடங்கு தூரம், சென்றுவிடுகிறது. போதாக்குறைக்கு, கார் தம்மை நோக்கி வரும்பொழுது ஓட்டுபவருக்கு இடம் வலமாகவும் வலம் இடமாகவும் தோன்றும்.

ஆகவே கார் வழுக்குவதைக் கண்ட பின் திருத்துவதற்குச் சிறிய காரில் நேரமில்லை. தேர்ந்த ஓட்டுநர், தம் கார் அடுத்த கணத்தில் என்ன செய்யும் என்பதை முன்னரே அறிந்து ஓட்டுகிறார். அவ்வாறு அறிய வேண்டுமாயின், கார் ஒவ்வொரு சுற்றிலும் ஒரே விதமாக நடந்துகொள்ள வேண்டும். கீழே கூறப்படும் பராமரிப்பு முறைகள் யாவும் இந்த ஒன்றைக் கருதியவையே. ஐந்து நிமிடப் பந்தயம் ஒன்றைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். ஒவ்வொரு சுற்றையும் சரியாக 10 விநாடியில் முடிப்பவர் 30 சுற்று ஓடுவார். 9.5 விநாடியில் சுற்றும் வேகமுடையவர் நான்கு முறை மோதி, ஒவ்வொரு முறையும் 6 விநாடி இழப்பாராயின், 29 சுற்றே முடிப்பார்.

டயர்களும் பிடிப்பும்

காரைத் தரையுடன் இணைப்பவை நான்கு சிறு ரப்பர்ப் பரப்புகளே. வேறு எதைச் சரிசெய்வதற்கு முன்னும் இவற்றைக் கவனித்தல் வேண்டும். பந்தயப் பாதை பெரும்பாலும் ஒன்றோடொன்று கோத்துக்கொள்ளும் நுரைப் பாய்களால் ஆனது. மயிரிழையின் கனம் 0.07 மில்லிமீட்டர் எனக் கொண்டால், காரின் அளவுக்கு அது 2 மில்லிமீட்டர்ச் சணல் கயிறாகும். பாய்மீது படிந்த தூசி டயரில் ஒட்டியதும் பிடிப்பு குறைந்துவிடும். எனவே ஒவ்வொரு ஓட்டத்திற்கு முன்னும் பாதையைப் பெருக்கி, டயரை ஈரத்துணியினாலோ ஒட்டு நாடாவினாலோ துடைக்க வேண்டும். பெட்ரோல், தின்னர் போன்ற திரவங்கள் ரப்பரை உப்பச் செய்யுமாதலால் அவற்றை விலக்க வேண்டும்.

பின்சக்கரங்களால் உந்தப்படும் காரில் பின் டயர்கள் முன் டயர்களைவிட மென்மையாக இருப்பதே வழக்கம். முன் டயர் வழுக்கினால் கார் வளைவின் வெளிப்புறமாக ஒதுங்கிச் செல்லும். சிறிது நேரம் வீணாகும், அவ்வளவே. பின் டயர் வழுக்கினால் கார் தன்னைத்தானே சுற்றி எதிர்த்திசை நோக்கி நிற்கும். ஆதலால் புதிதாகக் கற்பவர்க்குக் காரைச் சற்று முன்வழுக்கல் உடையதாகவே அமைத்துக் கொடுக்க வேண்டும். கூர்மையாகத் திரும்பும் கார்தான் நல்ல கார் என்று மாணவர்கள் விரும்புவர். முதல் சில வாரங்கள் அதற்கு இடங்கொடுத்தல் ஆகாது.

டயர் விளிம்புச் சக்கரத்தில் உறுதியாக ஒட்டியிருக்க வேண்டும். மெல்லிய இருபக்க ஒட்டு நாடாவை விளிம்பின்மேல் சுற்றி அதன்மேல் டயரைப் பொருத்துவர். ஒட்டாத டயர் வளைவில் பக்கவாட்டில் நகர்ந்து, அடுத்த கணம் தன் இடத்துக்குத் திரும்பும். காரணம் புரியாமல் சில சமயம் மட்டும் சுழன்று விழும் கார்களில் பல இந்நோயுடையவை. தேய்மானத்தையும் அளந்துவர வேண்டும். 24 மில்லிமீட்டர் விட்டமுள்ள பின்சக்கரம் 23 ஆகத் தேய்ந்தால் காரின் வேகம் 4 சதவிகிதம் குறையும். இடமும் வலமும் சமமின்றித் தேய்ந்தால் கார் ஒரு பக்கமாக இழுக்கும்.

பிடிப்பு மிகுந்தால் எல்லாம் நன்மை என்றும் கருதக் கூடாது. இரு சக்கரங்களுக்கு இடையேயுள்ள அகலத்தில் பாதியை, ஈர்ப்பு மையத்தின் உயரத்தால் வகுத்துப் பார்க்க வேண்டும். உராய்வுக் குணகம் இந்த ஈவைவிட மிகுந்தால், கார் வழுக்குவதற்கு முன் கவிழும். அகலம் 60 மில்லிமீட்டரும் உயரம் 20 மில்லிமீட்டரும் ஆயின் ஈவு 1.5, கனமான மேற்கூட்டை மாட்டியதால் ஈர்ப்பு மையம் 28 மில்லிமீட்டருக்கு உயர்ந்தால் ஈவு 1.07 மட்டுமே. நுரைப் பாய்மேல் மென்மையான ரப்பர் 1-ஐத் தாண்டிய குணகத்தை எளிதில் அடையும். அப்பொழுது மேற்கூட்டின் எடையைக் குறைப்பதும், முன் டயர்களின் வெளிப்பக்கத்தில் பசையை மெல்லியதாகப் பூசி இறுகச் செய்து அவற்றின் பிடிப்பைக் குறைப்பதுமே பரிகாரம்.

இவ்விரண்டு அளவுகளையும் விலையுயர்ந்த கருவி எதுவுமின்றி வகுப்பிலேயே காணலாம். பலகை ஒன்றின்மேல் பந்தயப் பாயின் துண்டை ஒட்டி, மின்கலங்களுடன் கூடிய காரை, சக்கரங்கள் சுழலாதபடி நாடாவால் கட்டி, பலகையின் சரிவை நோக்கி நேராக வைக்கவும். பலகையின் ஒரு முனையை மெல்ல உயர்த்தி, கார் வழுக்கத் தொடங்கும் கோணத்தைக் குறித்துக்கொள்ளவும். அக்கோணத்தின் டான்ஜென்ட் மதிப்பே உராய்வுக் குணகம். 45 பாகையாயின் அது 1 ஆகும். அழுக்கு டயரிலும் துடைத்த டயரிலும் இதனைச் செய்து காட்டினால், தூய்மையைப் பற்றித் தனியே உபதேசிக்க வேண்டியதில்லை. பின்னர்க் காரைச் சரிவுக்குக் குறுக்காக வைத்து மீண்டும் உயர்த்தவும். வழுக்குவதற்கு முன் அது புரண்டுவிடுமாயின், பந்தய வளைவிலும் அது புரளும்.

அடிச்சட்டம்

முன்சக்கர அச்சுகளில் சிறு சுருள்வில்கள் உள்ளன. பின்புறத்தில், மோட்டாரைத் தாங்கும் பகுதியை முன்பகுதியோடு ஒரு நெகிழும் தகடு இணைக்கிறது. இத்தகடு ஒரு பக்கம் முறுக்கிக்கொண்டிருந்தால் கார் இடப்புறம் ஒருவிதமாகவும் வலப்புறம் வேறுவிதமாகவும் திரும்பும். இதைக் கண்டறியக் காரைக் கண்ணாடித் தகட்டின்மேல் வைத்து, முன்புறத்தின் சரியான நடுவில் கத்தி முனையால் மெல்லத் தூக்க வேண்டும். இரு முன்சக்கரங்களும் ஒரே சமயத்தில் எழுமாயின் குறையில்லை. ஒன்று முந்தி எழுந்தால் தகட்டின் திருகாணிகளைத் தளர்த்தி, தகடு இயல்பாகப் படிந்த பின் மீண்டும் முடுக்க வேண்டும். பிளாஸ்டிக்கில் திருகாணியைச் செலுத்தும்போது, முதலில் எதிர்த்திசையில் மெல்லச் சுழற்றி, பழைய புரியில் அது விழும் சிறு ஒலியைக் கேட்டபின் முடுக்கினால் துளை கெடாது.

பின் அச்சிலுள்ள டிபரன்ஷியல், வளைவில் உட்சக்கரமும் வெளிச்சக்கரமும் வெவ்வேறு வேகத்தில் சுழல இடமளிக்கிறது. சிறு கார்களில் இது இரு வளையங்களுக்கிடையே நெருக்கப்பட்ட சிறு குண்டுகளால் ஆனதாக இருக்கலாம். இரு சக்கரங்களையும் அசையாமல் பிடித்துக்கொண்டு நடுவிலுள்ள பெரிய பல்சக்கரத்தை விரலால் தள்ளிப் பார்க்க வேண்டும். எளிதில் வழுக்கினால் இறுக்கம் போதாது; அப்படியே ஓட்டினால் குண்டுகள் சூடேறித் தேயும். மிகையாக இறுக்கினால் டிபரன்ஷியல் இருந்தும் இல்லாததே.

மோட்டாரும் பல்சக்கரங்களும்

வேகத்தை நிர்ணயிப்பது மோட்டார் மட்டுமன்று. அச்சிலுள்ள பல்சக்கரத்தில் 44 பற்களும் மோட்டாரின் பினியனில் 8 பற்களும் இருப்பின் விகிதம் 5.5. மோட்டார் நிமிடத்துக்கு 30,000 முறை சுழல்வதாகக் கொண்டால், சக்கரம் 5,455 முறை சுழலும். 24 மில்லிமீட்டர்ச் சக்கரத்தின் சுற்றளவு 75.4 மில்லிமீட்டர். ஆகவே வேகம் நிமிடத்துக்கு 411 மீட்டர், மணிக்கு 25 கிலோமீட்டருக்கு மிக அருகில். 9 பற்களுள்ள பினியனை மாட்டினால் கணக்குப்படி 28 கிலோமீட்டர் கிடைக்க வேண்டும். குறுகிய பாதையிலோ கார் அந்த வேகத்தை எட்டுமுன் அடுத்த வளைவு வந்துவிடும். வளைவிலிருந்து வெளிவரும் உந்துதல் குறைந்து, மின்னோட்டமும் மோட்டாரின் உஷ்ணமும் மிகுவதே கண்ட பலன். மிகுந்த உஷ்ணத்தால் காந்தத்தின் வலிமை குறைந்துவிட்டால், குளிர்ந்த பின்னும் அது முழுமையாகத் திரும்புவதில்லை. ஓட்டம் முடிந்ததும் மோட்டாரை விரலால் தொட்டுப் பார்க்க வேண்டும். விரலை வைத்திருக்க முடியாத அளவு சூடாயின் சிறிய பினியனுக்கு மாற வேண்டும்.

கரி பிரஷ்களுள்ள மோட்டாரில் கம்முடேட்டரின்மேல் கரித்தூள் படியும், பிரஷ் தேயும், தீப்பொறி மிகும். அப்பொறியே ரேடியோ இரைச்சலுமாகும். மோட்டாரின் முனைகளில் வைத்துப் பற்றவைக்கப்பட்டுள்ள சிறு மின்தேக்கிகள் அவ்விரைச்சலை அடக்குபவை. மோதலில் ஒன்று அறுந்துபோனாலும் கார் காரணமின்றி நடுங்கத் தொடங்கும். பிரஷ் இல்லாத மோட்டார்களைக் கொண்ட கார்கள் இப்பொழுது மிகுந்து வருகின்றன. அவற்றில் இத்தொல்லை இல்லை.

பேரிங்குகளுக்கு ஒரு துளி மெல்லிய எண்ணெய் போதும். அதிகமாக விட்டால் தூசியைப் பிடித்துப் பசையாகிவிடும். அச்சில் சுற்றிய நூலையும் மயிரையும் இடுக்கியால் நீக்குவதை வாரத்துக்கொரு முறையேனும் செய்ய வேண்டும்.

மின்கலங்கள்

பள்ளிகளுக்கு ஏற்றது நிக்கல்-உலோக ஹைட்ரைடு மின்கலமே என்பது என் உறுதியான கருத்து. ஒன்றுக்கு 1.2 வோல்ட் வீதம் நான்கு சேர்ந்து 4.8 வோல்ட் தரும். நான்கும் ஒரே வயதும் ஒரே கொள்ளளவும் உடையனவாக இருத்தல் வேண்டும். ஒன்று மட்டும் பலவீனமாயின், அது முதலில் தீர்ந்து, மற்ற மூன்றின் மின்னோட்டம் அதனுள் எதிர்முகமாகப் பாய்ந்து அதனைக் கெடுத்துவிடும். கார் மந்தமாவது தெரிந்தவுடன் நிறுத்திவிடுவதே இதற்குக் காப்பு. மின்கலங்களுக்கு எண்ணிட்டு எப்பொழுதும் அதே நால்வரைச் சேர்த்தே உபயோகிக்க வேண்டும்.

பெரிய 1/10, 1/12 அளவுக் கார்களில் லித்தியம்-பாலிமர் மின்கலங்கள் வழங்குகின்றன. எடை குறைவு, ஆற்றல் மிகுதி. ஆனால் ஒரு கலத்தை 4.2 வோல்ட்டுக்கு மேல் ஏற்றினாலோ, மோதலில் அது நசுங்கினாலோ தீப்பற்றக்கூடும். 3 வோல்ட்டுக்குக் கீழ் வடியவிட்டால் கெட்டுப்போகும், கெட்டதை மீண்டும் ஏற்றுவது ஆபத்து. அதற்குரிய சார்ஜரில் மட்டும், எரியாத தளத்தின்மேல், ஆசிரியர் கண்பார்வையில் ஏற்ற வேண்டும். இரவில் ஏற்றிவிட்டுக் கதவைப் பூட்டிச் செல்லலாகாது. பல நாட்கள் வைத்திருப்பதாயின் கலத்துக்கு 3.8 வோல்ட் அளவில் வைக்க வேண்டும். உப்பிய கலத்தை மீண்டும் உபயோகித்தல் கூடாது. 2022-ஆம் ஆண்டு மின்கலக் கழிவு மேலாண்மை விதிகளின்படி பழைய மின்கலங்களை வீட்டுக் குப்பையுடன் சேர்க்காமல், அதற்குரிய சேகரிப்போரிடம் ஒப்படைக்க வேண்டும்.

ரேடியோ

பழைய கார்கள் 27 அல்லது 40 மெகாஹெர்ட்ஸ் அலைகளில் இயங்கின. ஒவ்வொரு காருக்கும் தனிப் படிகம் உண்டு. ஒரே படிகமுள்ள இருவர் கருவியைத் திறந்தால் இரு கார்களும் தறிகெட்டு ஓடும். இன்றைய கருவிகள் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையில் இயங்குகின்றன. ஒவ்வொரு வாங்கியும் தன் கைக்கருவியின் அடையாளத்தை மட்டுமே ஏற்கும். நம் நாட்டில் 2005-ஆம் ஆண்டு விதிகளின்படி, 2400 முதல் 2483.5 மெகாஹெர்ட்ஸ் வரையிலான பகுதியில் வரையறுக்கப்பட்ட சக்திக்குட்பட்ட கருவிகளுக்குத் தனி உரிமம் தேவையில்லை. இயக்கும்போது முதலில் கைக்கருவி, பின்னர் கார். நிறுத்தும்போது முதலில் கார், பின்னர் கைக்கருவி என்ற வரிசையைப் பழக்கமாக்க வேண்டும்.

பந்தய நாளன்று

ஒவ்வொரு காரிலும் தனி எண்ணை ஒலிபரப்பும் டிரான்ஸ்பாண்டர் என்னும் சிறு கருவி இருக்கும். பாதையின் அடியில் பதித்த கம்பிச் சுருள் அதனை உணர்ந்து சுற்றுகளை எண்ணும். குறித்த நிமிடங்களில் மிகுதியான சுற்றுகளை முடித்தவர் வெல்வர். சுற்றுகள் சமமாயின் குறைந்த நேரத்தில் முடித்தவர் வெல்வர். இக்கருவி இல்லாத பள்ளியில் நிறுத்துகடிகாரத்துடன் இரு மாணவர்கள் அமர்ந்தாலே போதும். ஓடி முடித்தவர்கள் அடுத்த பந்தயத்தில் வளைவுகளில் நின்று, கவிழ்ந்த கார்களை நிமிர்த்தி வைப்பது எங்கும் உள்ள மரபு. இதனைக் கட்டாயமாக்கினால், பிறர் காரை எறியாமல் கையில் எடுத்து வைக்கும் பண்பு தானே வரும்.

அமைப்பை மாற்றும்போது ஒரு சமயத்தில் ஒன்றை மட்டுமே மாற்ற வேண்டும். டயரையும் வில்லையும் பினியனையும் ஒருங்கே மாற்றிய மாணவனுக்குக் கார் திருந்தினாலும் காரணம் தெரியாது, கெட்டாலும் தெரியாது. ஒவ்வொரு காருக்கும் ஒரு குறிப்பேடு இருக்கட்டும். தேதி, டயர் வகையும் விட்டமும், பினியன் பற்கள், மின்கல எண், பத்துச் சுற்றுகளின் நேரம், அவற்றின் சராசரி, மிக விரைவான சுற்றுக்கும் மிக மெதுவான சுற்றுக்கும் உள்ள வேறுபாடு ஆகியவற்றை அதில் எழுத வேண்டும். சராசரி சற்றுக் குறைந்து அவ்வேறுபாடு பெருகுமாயின், அன்று செய்த மாற்றத்தை நீக்கிப் பழைய நிலைக்குத் திரும்புவதே முறை. மழைக்காலத்தில் பாயும் ரப்பரும் ஈரங்கொண்டு பிடிப்பு வேறுபடுமாதலால், அன்றைய வெப்பநிலையையும் காற்றின் ஈரப்பதத்தையும் ஓரத்தில் குறித்துவைத்தல் நலம்.